பழைய .315 ரைஃபிளுக்குக் கையால் நிரப்பிய தோட்டா துல்லியம் தருமா?

தளி விவசாயி கேட்டது:

வணக்கம். தேன்கனிக்கோட்டைப் பக்கம், தளிக்கு அருகில் ராகியும் முட்டைக்கோசும் பயிரிடும் குடும்பம் எங்களுடையது. இச்சாப்பூர் ரைஃபிள் ஃபாக்டரியில் செய்யப்பட்ட .315 ரைஃபிள் ஒன்றைத் தாத்தா வாங்கி வைத்திருந்தார். அவர் வாங்கிய காலத்தில் அது வேட்டைத் துப்பாக்கி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தின் கீழ் பெரும்பாலும் பெட்டியிலேயே இருந்தது. அப்பாவுக்கு 70 வயது நிறைந்ததும் விதிப்படி விண்ணப்பித்து உரிமத்தை என் பெயருக்கு மாற்றிக்கொண்டோம். எந்த விலங்கையும் சுடும் எண்ணம் எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து, 100 மீட்டர் இலக்கில் இந்தத் துப்பாக்கியால் ஒழுங்காகச் சுடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.

சிக்கல் இதுதான். டீலரிடம் வாங்கிய ஒரு பெட்டித் தோட்டாவில் ஐந்து குண்டுகளும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகின்றன. அதே தொழிற்சாலையின் வேறொரு பெட்டியை எடுத்தால் இலக்குத் தாள் முழுவதும் சிதறுகின்றன. அமெரிக்காவில் இருக்கும் என் மாமன் மகன் தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்வதாகவும், அதன் பிறகு தன் ரைஃபிளின் துல்லியம் பெரிதும் கூடியதாகவும் சொல்கிறான். இதைக் கேள்விப்பட்ட ஒருவர், காலி உறைகளில் மருந்து நிரப்பித் தருபவர் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார் என்றும், கடை விலையில் பாதிக்கே வாங்கித் தருவதாகவும் சொன்னார். கையால் நிரப்பிய தோட்டாவில் நல்லதை எப்படி அடையாளம் காண்பது? அது உண்மையிலேயே துல்லியத்தைக் கூட்டுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ஆர்மரர், தருமபுரி:

தம்பி, துல்லியத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதர் தரும் தோட்டாவை உங்கள் ரைஃபிளில் ஏற்றாதீர்கள். கையில் வாங்கிப் பார்ப்பதும் வேண்டாம். சட்டத்தை அறிந்தவர்கள் அந்தப் பக்கத்தைச் சொல்வார்கள். நான் படையில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பணியில் இருந்தவன் என்பதால் இரும்பையும் பித்தளையையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்களுடைய .315 ரைஃபிளின் இயக்கம் லீ என்ஃபீல்டு வகையைச் சேர்ந்தது. அதில் தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் என்ற இரும்புத் தண்டைப் பூட்டும் முனைகள் முன்பக்கம் அல்லாமல் பின்பக்கம் இருக்கின்றன. எனவே வெடிக்கும் கணத்தில் போல்ட்டும் அதன் கூடும் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். அந்த நெகிழ்வுக்கு ஏற்ப பித்தளை உறையும் நீளும். அடிவிளிம்பு உள்ள உறை என்பதால் விளிம்பு மட்டும் இறுக நிற்க, அதற்குச் சற்று மேலே இருக்கும் சுவர் ஒவ்வொரு முறை சுடும்போதும் மெலிந்துகொண்டே வரும். அந்த இடத்தில் வெளிப்புறம் பளபளப்பான ஒரு வளையம் தெரியத் தொடங்கினால், அடுத்த சுடலில் உறை இரண்டாகப் பிரியக்கூடும் என்று பொருள். அப்போது பீய்ச்சும் வாயு போல்ட்டின் வழியாக உங்கள் கண்ணை நோக்கித்தான் வரும். எத்தனை முறை சுடப்பட்ட உறை, எந்தத் துப்பாக்கியில் சுடப்பட்டது என்பது நிரப்பித் தருபவருக்கே தெரியாது. தன் உறையைத் தானே எண்ணி வைத்திருப்பவர் அதை உரிய நேரத்தில் ஒதுக்கிவிடுவார். அடுத்தவர் உறையில் அந்தக் கணக்கு அறுந்துபோய்விடுகிறது.

மருந்தின் நிலை இதைவிடக் கவலைக்குரியது. ரைஃபிளுக்கான புகையில்லா மருந்து மெதுவாக எரியும்படி செய்யப்பட்டது; கைத்துப்பாக்கிக்கான மருந்து விரைந்து எரியும். பார்வைக்கு இரண்டும் கருஞ்சாம்பல் நிறத் துகள்கள்தாம். விரைந்து எரியும் மருந்து ரைஃபிள் உறைக்குள் போனால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நம் மலையோரக் கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கி வெடித்து விரல்களை இழந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மருந்து குறைவாக இருந்தாலும் ஆபத்துதான்: குண்டு பாதிக் குழலில் சிக்கி நிற்கும், சத்தம் மந்தமாகக் கேட்கும், சுடுபவர் அதைக் கவனிக்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுட்டால் அந்தக் குழல், அதாவது பாரல், பிளந்துவிடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெட்டிக்குப் பெட்டி சிதறல் மாறுகிறது என்றால் குற்றம் முழுவதும் தோட்டாவினுடையது என்று முடிவு கட்ட வேண்டாம். இந்த வகை ரைஃபிளில் இரும்பைத் தாங்கும் மரக்கட்டைதான் முதல் சந்தேகத்துக்கு உரியது. முன்கட்டையும் பின்கட்டையும் தனித்தனி மரங்கள். முன்கட்டையின் பின்முனை, போல்ட் இயங்கும் இரும்புக் கூடான ரிசீவரின் அடியில் இரண்டு பக்கமும் ஒரே சீராக அழுந்தி நின்றால்தான் ஒவ்வொரு உதையையும் ஒரே மாதிரி தாங்கும். எண்ணெய் குடித்தும் வெயிலில் காய்ந்தும் சுருங்கிய பழைய மரத்தில் ஒரு பக்கம் அழுந்தி மறுபக்கம் இடைவெளி விட்டிருக்கும். அந்த நிலையில் எந்தத் தோட்டாவைப் போட்டாலும் சிதறத்தான் செய்யும். ஒரு பெட்டி நன்றாகச் சுட்டது என்பது தற்செயலாகவும் இருக்கலாம். முன்திருகு இறுக்கமாக இருக்கிறதா, முன்குறி அலகு ஆடுகிறதா, பின்குறி தளர்ந்திருக்கிறதா என்பவற்றையும் பார்க்க வேண்டும். அடுத்ததாக வாய்முனை. கயிறு போட்டு இழுத்துத் துடைக்கும் பழக்கத்தில் கயிறு ஒரே பக்கமாக உரசி உரசி வாய்முனையில் பள்ளம் விழுந்திருக்கும். குண்டு கடைசியாக விட்டுப் பிரியும் இடம் அது என்பதால், அங்கே சிறு சாய்வு இருந்தாலும் வாயு ஒரு பக்கமாக முந்திக்கொண்டு வெளியேறிக் குண்டைத் தள்ளிவிடும். இவற்றை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுநரிடம் காட்டுங்கள். நீங்களே உப்புத்தாள் எடுத்து மரத்தைத் தேய்க்கத் தொடங்கிவிடாதீர்கள். தேய்த்த மரம் திரும்ப வராது.

கிருஷ்ணகிரி வழக்கறிஞர்:

ஆர்மரர் ஐயா விட்ட இடத்திலிருந்து சட்டத்தைச் சொல்கிறேன். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் ‘தோட்டா’ என்ற சொல்லுக்குத் தரப்பட்டிருக்கும் பொருள் மிக விரிவானது. தோட்டாவின் பாகங்களும் தோட்டா செய்வதற்கான கருவிகளும் அந்த வரையறைக்குள்ளேயே அடங்கும். ஆகவே மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை வைத்திருப்பதும், நிரப்பும் அச்சு இயந்திரத்தை வெளிநாட்டிலிருந்து யாரோ பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பதும், தோட்டா சம்பந்தப்பட்ட குற்றங்களாகவே பார்க்கப்படும். சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி தோட்டா தயாரிக்கவும் விற்கவும் தனி உரிமம் வேண்டும். உங்கள் கையில் இருப்பது ஆயுதம் வைத்திருப்பதற்கான உரிமம். அது தயாரிப்பு உரிமம் ஆகாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 5-ஆம் பிரிவை மீறித் தயாரிப்பதற்கான தண்டனை குறைந்தது 7 ஆண்டுகள். ஆயுள் வரையும் போகலாம்.

வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு. விற்க உரிமம் இல்லாதவர் என்று தெரிந்தே அவரிடம் தோட்டா வாங்குவது 29-ஆம் பிரிவின் கீழ் குற்றம். டீலரிடம் வாங்கும்போது உங்கள் உரிமத்தில் அவர் பதிவு செய்கிறார். அந்தப் பதிவுக்கும் உங்கள் கையிருப்புக்கும் பொருந்தாத ஒரே ஒரு தோட்டா ஆய்வில் கிடைத்தாலும், மூன்று தலைமுறையாகக் காப்பாற்றி வந்த உரிமம் ரத்தாவதற்கு அதுவே போதும். வெடிமருந்தைத் தனியாக வைத்திருந்தால் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் வந்து சேரும்.

நம் பகுதியில் இதன் எடை இன்னும் அதிகம். அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி, பென்னாகரம் என்று சுற்றிலும் காப்புக்காடு. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-இலும், காவிரி தெற்குச் சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பட்டன. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைக்கும்படி காவல் துறையும் வனத்துறையும் ஊர் ஊராகக் கேட்டு வரும் மாவட்டம் இது. சரணாலயத்துக்கு அருகில் குடியிருப்பவரிடம் கையால் நிரப்பிய தோட்டா பிடிபட்டால், இலக்குத் தாளில் சுடத்தான் வைத்திருந்தேன் என்ற விளக்கத்தை எந்த அதிகாரியும் எளிதில் ஏற்கமாட்டார். காட்டுப்பன்றி பயிரை அழிக்கிறது என்பதும் இங்கே காரணமாகாது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடத் தமிழ்நாடு அரசு 2025-இல் இசைந்தபோதும், அந்த வேலை வனத்துறையினருக்கே ஒதுக்கப்பட்டது, விவசாயிக்கு அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் உரிமத்தில் நோக்கம் ‘பயிர்ப் பாதுகாப்பு’ என்று மட்டும் இருந்தால், கிளப்பில் சுடுவதற்கு முன் ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்து இலக்குப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொந்த நிலத்தில் தாளைக் கட்டிச் சுட்டுப் பார்ப்பதை அறவே தவிர்த்துவிடுங்கள்.

பாலக்கோட்டுக்காரன், அமெரிக்காவின் மொன்டானாவிலிருந்து:

மேலே இருவரும் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நான் பாலக்கோட்டில் பிறந்தவன், இங்கே உரிய அனுமதிச் சீட்டு பெற்று மான் வேட்டைக்குப் போகிறேன், என் .30-06 ரைஃபிளுக்கான தோட்டாவை நானே நிரப்புகிறேன். மாமன் மகன் சொன்னது பொய்யல்ல. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட பாதி உங்களுக்குத் தேவைப்படுகிறது.

இந்த நாட்டில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்புவது பொதுவாகச் சட்டத்துக்கு உட்பட்டது. விற்பதற்கோ தனியாகக் கூட்டாட்சி அரசின் உரிமம் வேண்டும். அப்படி இருந்தும், அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள் நண்பர் நிரப்பிய தோட்டாவைக்கூடத் தம் ரைஃபிளில் ஏற்றுவதில்லை. துப்பாக்கி நிறுவனங்களில் பல, கையால் நிரப்பிய தோட்டாவால் சேதம் ஏற்பட்டால் உத்தரவாதம் செல்லாது என்று கையேட்டிலேயே அச்சிட்டிருக்கின்றன. இதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

கையால் நிரப்புபவர் துல்லியத்தைத் தோட்டாவுக்குள் வைத்து அடைப்பதில்லை. தன்னுடைய ஒரு குறிப்பிட்ட ரைஃபிளின் தோட்டா அறைக்கும் பாரலுக்கும் எது பொருந்துகிறது என்று தேடுகிறார். குண்டின் முனை, பாரலின் உட்சுவரில் குண்டைச் சுழலவைக்கும் வரிகள் தொடங்கும் இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், எந்த எடைக் குண்டை அந்த வரிகளின் முறுக்கு ஏற்றுக்கொள்கிறது, எந்த வேகத்தில் பாரலின் அதிர்வு அடங்கி நிற்கிறது என்பவையெல்லாம் ரைஃபிளுக்கு ரைஃபிள் மாறும். ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்த எண்ணுடன் வெளிவந்த இரண்டு ரைஃபிள்களும் ஒரே தோட்டாவை ஒரே மாதிரி சுடுவதில்லை. அச்சிட்ட தரவு நூலில் உள்ள குறைந்த அளவிலிருந்து தொடங்கி, அழுத்தத்தின் அறிகுறிகளை ஒவ்வொரு படியிலும் பார்த்துக்கொண்டே மேலே போகிறோம். கிடைக்கும் விடை அந்த ஒரு ரைஃபிளுக்கு மட்டுமே பொருந்தும். வேறொருவர் ரைஃபிளுக்காக நிரப்பிய தோட்டா, அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டை போலத்தான்.

ஒரு சிறு கணக்கும் சொல்கிறேன்; இது பலருடைய எதிர்பார்ப்பைத் தெளிவுபடுத்தும். .315 குண்டின் எடை 244 கிரெயின், அதாவது ஏறத்தாழ 16 கிராம். வேகம் ஏறத்தாழ விநாடிக்கு 600 மீட்டர். 100 மீட்டரைக் கடக்க அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் புவியீர்ப்பு அதைச் சுமார் 15 செ.மீ. கீழே இழுக்கிறது. இரண்டு தோட்டாக்களுக்கு இடையே வேகம் 3 சதவீதம் வேறுபட்டால் அந்த இறக்கம் 6 சதவீதம் வேறுபடும். அதாவது 1 செ.மீ. கூட இல்லை. மருந்தைத் துகள் துகளாக எடை போட்டு வேகத்தைச் சீராக்குவதன் பலன் 300 மீட்டரில் நன்றாகவே தெரியும். அங்கே அதே வேறுபாடு 10 செ.மீ.க்கு மேல் போய்விடும். நீங்கள் சுடப்போவதோ 100 மீட்டர். அங்கே தாள் முழுவதும் சிதறுகிறது என்றால் வேக வேறுபாடு மட்டும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. குண்டின் விட்டம், அது உறையில் நேராக அமர்ந்திருக்கிறதா என்பது, ஆர்மரர் ஐயா சொன்ன கட்டையும் வாய்முனையும், பிறகு சுடுபவரின் தோள், இவற்றைத்தான் தேட வேண்டும்.

ஓசூர் 50 மீட்டர்:

நான் .22 ரைஃபிளில் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டிகளில் கலந்துகொள்பவன். எங்கள் இலக்கில் 10 மதிப்பெண் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டுமே என்பதால் தோட்டாவைப் பற்றிய கவலை எங்களுக்கு மிக அதிகம். ஆயினும் .22 தோட்டாவை யாரும் கையால் நிரப்புவதில்லை. அதன் பிரைமர் கலவை உறையின் விளிம்புக்குள்ளேயே பரப்பப்பட்டிருப்பதால், ஒருமுறை சுட்ட உறை திரும்பப் பயன்படாது. அப்படியானால் உலகத் தரத்தில் சுடுபவர்கள் துல்லியமான தோட்டாவை எங்கிருந்து பெறுகிறார்கள்? லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதி, பார்த்துத் தேர்ந்தெடுத்துப் பெறுகிறார்கள்.

ஒரே பெயரில், ஒரே விலையில் வரும் தோட்டாவும் ஒவ்வொரு லாட்டிலும் சிறிது வேறுபடும். ஈலி, லாப்புவா, ஆர்.டபிள்யூ.எஸ். ஆகிய நிறுவனங்கள் தங்கள் சோதனைக் கூடத்தில் போட்டியாளரின் ரைஃபிளைப் பிடிச்சட்டத்தில் பொருத்தி, பல லாட்டுகளைச் சுட்டுக் காட்டி, எது பொருந்துகிறதோ அந்த லாட்டையே விற்கின்றன. உங்கள் இரண்டு பெட்டிகளும் வேறு வேறு லாட்டாக இருக்க வாய்ப்பு மிகுதி. பெட்டியின் மேல் லாட் எண்ணும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகச் சுட்ட பெட்டியின் லாட் டீலரிடம் இன்னும் இருந்தால், உரிமம் அனுமதிக்கும் அளவுக்கு அதிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கையால் நிரப்பித் தேட நினைத்த துல்லியத்தின் பெரும்பகுதி சட்டப்படியே கிடைத்துவிடும்.

சோதிக்கும் முறையில் ஒழுங்கு வேண்டும். முழங்கையை ஊன்றாமல் நின்று சுட்டுத் தோட்டாவைக் குறை சொல்ல முடியாது. மேசையில் மணல் மூட்டை வைத்து, அதன்மேல் முன்கட்டை படும்படி வையுங்கள்; பாரல் மூட்டையைத் தொடக் கூடாது. ஒவ்வொரு லாட்டுக்கும் தனித் தாள் வையுங்கள். மெல்லிய பாரல் விரைவில் சூடாகிக் குறியை நகர்த்தும் என்பதால் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகே அடுத்ததைச் சுட வேண்டும். நம் பக்கத்து வெயிலில் அதற்கு அதிக நேரம் பிடிக்கும், அதனால் காலையிலேயே போய்விடுவது நல்லது. மூன்று குண்டுகள் தாளில் விழுந்த கூட்டத்தை, அதாவது க்ரூப்பை, பார்த்து மயங்க வேண்டாம். எண்ணிக்கை கூடக் கூடச் சிதறலின் உண்மையான அகலம் வெளிப்படும். ஒரு லாட்டுக்கு ஐந்து குண்டுகள் கொண்ட இரண்டு க்ரூப்பாவது வேண்டும். அவற்றை வேறு வேறு நாட்களில் சுட்டால் இன்னும் நல்லது. தோட்டா விலையையும் உரிமம் ஆண்டுக்கு அனுமதிக்கும் அளவையும் நினைத்தால் இது அதிகமாகத் தோன்றும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தற்செயலாகக் கூடிய மூன்று ஓட்டைகளை நம்பி ஒரு லாட்டை வாங்கிக் குவிப்பது அதைவிடச் செலவு.

தளி விவசாயி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த மனிதரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெட்டிகளைப் பார்த்தேன், இரண்டின் லாட் எண்ணும் வேறு வேறாகத்தான் இருக்கின்றன. ஆர்மரர் ஐயாவிடம் இரண்டு சந்தேகங்கள். தாத்தா காலத்துப் பழைய பெட்டியில் சில தோட்டாக்கள் மிச்சம் இருக்கின்றன, உரிமத்திலும் பதிவாகியிருக்கின்றன. அவற்றைச் சோதனைக்குப் பயன்படுத்தலாமா? தேர்தல் நேரத்தில் ரைஃபிளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெற்ற பிறகு பாரலின் உட்புறம் மங்கலாகத் தெரிகிறது. அதைச் சரிசெய்ய முடியுமா?

பழைய ஆர்மரர், தருமபுரி:

பழைய தோட்டாவைச் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள், தம்பி. ஓட்டு வீட்டுப் பரணில் எத்தனையோ கோடைகளைக் கண்ட மருந்து ஒரே மாதிரி எரியாது. உறையின் கழுத்தில் வெடிப்பும் விழுந்திருக்கும். சில தோட்டாக்கள் ஊசி தட்டியும் உடனே வெடிக்காமல் சற்றுத் தாமதித்து வெடிக்கும். எந்தத் தோட்டாவானாலும் வெடிக்கவில்லை என்றால் வாய்முனையை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்து, அதன் பிறகே போல்ட்டைத் திறக்க வேண்டும். அந்தப் பழைய பெட்டியை வழக்கறிஞர் ஐயாவிடம் கேட்டு முறைப்படி ஒப்படைத்து, உரிமத்தில் கழித்து எழுதி வாங்கிவிடுங்கள். நீங்களாகக் கிணற்றில் போடுவதோ மண்ணில் புதைப்பதோ கூடாது.

பாரல் மங்கலுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, சுட்டபோது உட்சுவரில் படிந்த செம்பு, மற்றொன்று துரு. பழைய வகைப் பிரைமர்களில் இருந்த குளோரேட் எரிந்து உப்பாகப் படியும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எனவே தாத்தா காலத்துத் தோட்டாவைச் சுட்டபின் எண்ணெய் மட்டும் போட்டு வைத்திருந்தால் அந்த எண்ணெய்க்கு அடியிலேயே துரு வளர்ந்திருக்கும். போல்ட்டைக் கழற்றிவிட்டு, தோட்டா அறைப் பக்கத்திலிருந்து கொதிக்கும் வெந்நீரைப் புனல் வைத்து ஊற்றுங்கள். நீர் மரத்துக்குள் இறங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டிலேயே பாரல் காய்ந்துவிடும். பிறகு உலர்ந்த துணி விட்டு எடுத்து, செம்பைக் கரைக்கும் திரவத்தில் நனைத்த துணியைச் செலுத்தினால் நீலமோ பச்சையோ படிந்து வரும். அந்த நிறம் வராமல் நிற்கும் வரை தொடர்ந்து, கடைசியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். துடைக்கும் கோலைத் தோட்டா அறைப் பக்கத்திலிருந்தே நுழைக்க வேண்டும்; கயிற்றை விட்டுவிடுங்கள். சுடுவதற்கு முன் அந்த எண்ணெயை உலர்ந்த துணியால் முழுவதும் எடுத்துவிட வேண்டும்; எண்ணெய் படிந்த பாரலின் முதல் குண்டு மற்றவற்றோடு சேராது, அதை லாட்டின் குறை என்று எண்ணிவிடக் கூடாது.

இவ்வளவும் செய்த பின் வரிகளின் ஓரம் வெளிச்சத்தில் கூர்மையாகத் தெரிந்தால் அந்தப் பாரல் இன்னும் பல ஆண்டு உழைக்கும். ஓரம் மழுங்கி, புள்ளி புள்ளியாகக் குழிகள் தெரிந்தால், அந்த லாட்டுகளைச் சோதிக்கப் பணம் செலவிடும் முன் பழுதுநரிடம் வாய்முனையையும், தோட்டா அறையை அடுத்து வரிகள் தொடங்கும் தொண்டைப் பகுதியையும் அளக்கச் சொல்லுங்கள். அளவு தெரிந்த பிறகு இங்கே எழுதுங்கள். எந்த லாட்டிலிருந்து தொடங்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.